தட்டு காலி என்றால் பல்லி சாப்பிட்டது என்று அர்த்தமில்லை

லெப்பர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லி, இரண்டு வயதுப் பெண், மாதக்கணக்கில் மெலிந்துகொண்டே வந்தது. வீட்டில் எல்லோரும் அது ஒழுங்காகச் சாப்பிடுகிறது என்று உறுதியாக நம்பினார்கள், நம்பியதற்குக் காரணமும் இருந்தது: இரவு புழு போட்ட தட்டு காலையில் காலியாகக் கிடந்தது. அந்தப் புழுக்கள் எங்கே போயின, தட்டை மாற்றியதும் என்ன ஆனது என்பதை முழுதாக எழுதி வைக்கிறேன். பூச்சி தின்னும் பல்லி, ஓணான் வகைகளை வளர்க்கிறவர்கள் விளக்கு பற்றியும் சூடு பற்றியும் தொட்டியின் அளவு பற்றியும் நிறையப் பேசுகிறோம். சாப்பாட்டுத் தட்டு என்று வந்தால் கடையில் கண்ணில் பட்டதை வாங்கி வைத்துவிடுகிறோம். அந்தப் பழக்கம் மாற வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வீடு லண்டனில், ஹாரோ பக்கம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பதினோரு வயது மகள், அவளுடைய பல்லிக்குப் பெயர் புள்ளி. இங்கிலாந்தில் லெப்பர்ட் கெக்கோ சாதாரணமாக எல்லா ஊர்வனக் கடையிலும் கிடைக்கும், வளர்ப்பிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகியது. அதன் சொந்த மண் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா பக்கத்து வறண்ட கல்லாங்காடு. நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு இருப்பதுபோல் இதற்கு விரலடியில் ஒட்டும் பட்டை கிடையாது, கண்ணாடியில் ஏறாது, தரையிலேயே நடந்து இரை தேடும். கண்ணுக்கு இமை உண்டு. கொழுப்பை வாலில் சேமிக்கும், அதனால் நன்றாக இருக்கிற பல்லிக்கு வாலின் அடி கழுத்தளவு பருமனாக இருக்கும். வாலைப் பார்த்தாலே உடம்பு எப்படி என்று பாதி தெரிந்துவிடும்.

புள்ளியின் வால் பென்சில் மாதிரி இருந்தது.

முந்தைய ஆண்டு டாக்டரிடம் காட்டியபோது 54 கிராம் எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தகவல் வந்த சமயம் 37 கிராம். இடுப்பெலும்பு தோலுக்கடியில் துருத்திக்கொண்டு தெரிந்தது. கண்ணில் தெளிவு இருந்தது, நடையில் நடுக்கம் இல்லை, தாடை உறுதியாகவே இருந்தது. மலம் எப்போதாவதுதான் வந்தது, அதுவும் சின்னதாக. இந்தக் கடைசித் தகவலை அந்த வீட்டு மகள்தான் சொன்னாள், அதுவரை யாரும் அவளிடம் கேட்கவே இல்லை. தினமும் எட்டுப் புழு உள்ளே போனால் வெளியே அதற்கேற்ற அளவு வந்தாக வேண்டும்.

ஊர்வன பார்க்கும் டாக்டரிடம் ஏற்கெனவே போயிருந்தார்கள், அதுதான் சரியான முதல் வேலை. லெப்பர்ட் கெக்கோவுக்கு வால் சூம்பிப்போனால் முதலில் பயப்பட வேண்டியது கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணிக்கு. அது வந்தால் பல்லி தின்றாலும் மெலியும், மற்றப் பல்லிகளுக்கும் பரவும், முழுசாகக் குணப்படுத்துவது மிகவும் கடினம். மலப் பரிசோதனையை இடைவெளி விட்டுத் திரும்பவும் செய்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. எக்ஸ்ரேயில் குடல் அடைப்பு இல்லை, முட்டை தங்கவில்லை, எலும்பின் அடர்த்தி மட்டும் கொஞ்சம் குறைவாகத் தெரிந்ததாகச் சொன்னார்கள். தொட்டியின் சூட்டை விசாரித்ததில் ஒரு குறை அகப்பட்டது: சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் உணர்முனை தவறான இடத்தில் இருந்ததால் சூடான மூலையின் தரை 27 டிகிரி செல்சியஸ்தான் காட்டியது. இந்தப் பல்லிக்கு அந்த மூலை 32-லிருந்து 34 வரை இருக்க வேண்டும், சூடு போதாவிட்டால் செரிமானம் நடக்காது, பசியும் எடுக்காது. அதைச் சரி செய்தார்கள். சரி, இனி தேறிவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதன் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் எடை ஏறவே இல்லை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சூட்டையும் தட்டையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால் எது பலன் தந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இங்கே சூடு முதலில் சரியானது, எடை அசையவில்லை. பூச்சியும் அதே பூச்சி, அதோடு கொடுக்கும் கால்சியம் பவுடரும் அதே பவுடர்.

தட்டைப் பற்றிக் கேட்டேன். அம்மா சொன்னது: "தட்டு ஒவ்வொரு நாளும் விடிய வெறுமையாத்தானே கிடக்குது அண்ணா, சாப்பிடாமலா வெறுமையாகும்?" நியாயமான கேள்வி. நேரே போய்த் தொட்டியைப் பார்த்தோம்.

தட்டு ரெசினால் செய்தது, வெளிப்பக்கம் பாறை மாதிரி வடிவம், கடைகளில் 'புழுத் தட்டு' என்றே எழுதி விற்பது. வெளியே பாறை மாதிரி இருப்பதில் ஒரு கெடுதலும் இல்லை. உள்சுவரும் அதே பாறைச் சொரசொரப்பு, செங்குத்தாக இல்லாமல் மேல் நோக்கி விரிந்து சாய்ந்திருந்தது, உயரம் இரண்டு சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். கால்சியம் பவுடரைத் தட்டிலேயே நேரடியாகக் கொட்டியிருந்தார்கள். பக்கத்திலிருந்த தண்ணீர்க் கிண்ணத்தின் ஈரம் பட்டு அது ஒரு பக்கச் சுவரில் காரை பூசினாற்போல் இறுகிப் போயிருந்தது. தட்டு வைத்த இடம் விளக்குக்கு நேர் கீழே.

தரைக்கு விரித்திருந்த கார்ப்பெட்டை ஓரத்தில் தூக்கினோம். அதன் அடியில் மீல்வார்ம் புழுக்கள், பெரியதும் சிறியதுமாக. ஈரக் குகை என்று வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பாவின் கீழே வெள்ளை வெளேரென்று கூட்டுப்புழுக்கள், பின்சுவர் மூலையில் கறுத்த வண்டுகள். மீல்வார்ம் என்பது ஒரு வண்டின் இளம்பருவம், அது கூட்டுப்புழுவாகி வண்டாக அறைச்சூட்டில் வாரக்கணக்கில் பிடிக்கும். ஆக, எத்தனையோ நாட்களாகத் தட்டிலிருந்து தப்பியவை அங்கே குடித்தனம் நடத்தி அடுத்த பருவத்துக்கே போய்விட்டன. அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை, குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதற்காக அந்தத் தட்டைக் கழுவிக் காயவைத்து, மேசையில் வெள்ளைத் தாள் விரித்து நடுவில் வைத்து, அறைச்சூட்டில் இருந்த புழுக்களை அதில் போட்டோம். மீல்வார்முக்குத் தலைக்குப் பக்கத்தில் ஆறு குட்டிக் கால்கள்தான். மீதி உடம்பு வெறும் குழாய், கடைசிக் கணுவில் இரண்டு கூர்முனைகள். அது சுவரோரமாகச் சுற்றி வரும், ஒரு பள்ளம் கிடைத்ததும் முன்கால்களை அதில் மாட்டிக்கொள்ளும், வால்நுனியைத் தரையில் ஊன்றி உடம்பை மேலே தள்ளும், விழும், திரும்பவும் அதே இடத்துக்கே வரும். இரண்டு மூன்று ஒரே மூலையில் சேர்ந்துவிட்டால் கீழே இருப்பதன் முதுகில் ஏறி மேலே இருப்பது விளிம்பைத் தொட்டுவிடும். தேநீர் குடித்து முடிப்பதற்குள் முதல் புழு தாளில் நடந்துகொண்டிருந்தது. பிறகு சமையலறையிலிருந்து ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணம், புட்டிங் வேகவைக்கிற சின்ன வகை, அதில் அதே புழுக்களைப் போட்டோம். சாயங்காலம் முழுக்க ஒன்றுகூட ஏறவில்லை. கால் வைக்கும், வழுக்கும், அவ்வளவுதான்.

ஆனால் தட்டில் வழி இருந்ததால் மட்டும் இவ்வளவும் நடந்துவிடவில்லை. புள்ளி ஏன் அவை தப்புவதற்கு முன் தின்னவில்லை என்ற கேள்வி மிச்சம் இருந்தது. அதற்குப் பதில் ஃபிரிட்ஜில் இருந்தது. மீல்வார்மைக் குளிரில் வைத்தால் அது மயங்கிக் கிடக்கும், சீக்கிரம் வண்டாகாது, அதனால் பலரும் ஃபிரிட்ஜில் வைப்பார்கள், அதில் தவறில்லை. இந்த வீட்டில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு தட்டில் போட்டார்கள். லெப்பர்ட் கெக்கோ அசைவைப் பார்த்துத்தான் முக்கியமாக இரையைத் தேடும். மாலை மங்கி அது வெளியே வருகிற நேரத்தில் தட்டில் இருந்தது பவுடரில் புதைந்து அசையாமல் கிடந்த குச்சிகள். எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். கொஞ்ச நேரத்தில் சூடேறிப் புழுக்கள் விழிக்கும், பவுடர் காரை இருக்கிற பக்கம் ஏறும், கார்ப்பெட் அடியில் இறங்கிவிடும். விடிந்தால் தட்டு காலி. தட்டின் சுவர், பவுடர், வைத்த இடம், புழுவின் குளிர், நாலும் சேர்ந்து ஒவ்வொரு இரவும் இதே வேலையைச் செய்திருக்கின்றன.

இன்னொரு விஷயம். குளிரில் மயங்கிய புழு எதையும் தின்றிருக்காது. பல்லிக்குக் கொடுப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே வெளியே எடுத்து ஓட்ஸ், கேரட், கீரை என்று தின்னவிட்டால்தான் புழுவின் வயிற்றில் சத்து இருக்கும். பல்லி அப்படியே விழுங்குவது அந்த வயிற்றையும் சேர்த்துத்தானே. மீல்வார்மில் கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதைவிடப் பல மடங்கு, பல்லிக்கு வேண்டியதோ நேர்மாறு, கால்சியம் ஒன்றரையிலிருந்து இரண்டு பங்கு என்றால் பாஸ்பரஸ் ஒரு பங்கு. இந்த இடைவெளியை அடைக்கத்தான் பவுடர். எக்ஸ்ரேயில் தெரிந்த எலும்புக் குறைக்கும் இதுவே காரணமாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. பவுடர் பூசிய புழு வயிற்றுக்குள் போகாமல் கார்ப்பெட்டுக்கு அடியில் போனால் எலும்புக்கு என்ன கிடைக்கும்?

இனி மாற்றியவற்றைச் சொல்கிறேன்.

வெள்ளைப் பீங்கான் கிண்ணமே தட்டாயிற்று (அதன் பிறகு அது சமையலறைக்குத் திரும்பவில்லை, திரும்பவும் கூடாது, ஊர்வனவற்றின் குடலில் சால்மொனெல்லா சாதாரணமாகவே இருக்கும், தொட்டிச் சாமான்களைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கழுவக்கூடாது, தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்). உயரம் நாலரை சென்டிமீட்டர், சுவர் செங்குத்து, உள்ளே வழவழப்பு, கனமாக இருப்பதால் பல்லி முன்காலை விளிம்பில் ஊன்றினாலும் கவிழாது. வெள்ளை நிறத்தில் புழுவின் அசைவு பளிச்சென்று தெரியும். கண்ணாடிக் கிண்ணம் வேண்டாம் என்றேன், வெளியிலிருந்தே புழு தெரிவதால் பல்லி பக்கவாட்டில் பாய்ந்து மூக்கை இடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் ஆரம்பத்தில் நன்றாக வேலை செய்யும், தேய்த்துத் தேய்த்துக் கீறல் விழுந்ததும் அந்தக் கீறலே புழுவுக்குப் படி ஆகிவிடும்.

நாலரை சென்டிமீட்டர் இதற்குச் சற்று உயரம்தான், தாடை விளிம்புக்கு மேலே வந்தால்தான் உள்ளே இருப்பது கண்ணில் படும். அதனால் கிண்ணத்தை ஒட்டி வெளியே ஒரு தட்டைக் கல்லை வைத்தோம், அதில் ஏறி நின்றால் புள்ளியின் கழுத்து விளிம்பில் சரியாகப் படிந்தது. குட்டிப் பல்லிக்கு இந்த உயரம் சரிப்படாது, இரண்டரை மூன்று சென்டிமீட்டர் போதும், சின்னப் புழுதானே போடப்போகிறோம். இடத்தை விளக்குக்கு அடியிலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு மாற்றினோம். சூட்டுக்கு நேர் கீழே வைத்தால் தப்ப முடியாத புழு அங்கேயே காய்ந்து கறுத்துச் செத்துப்போகும், செத்ததைப் பல்லி தொடாது.

பவுடரைத் தட்டில் கொட்டுவது நின்றது. ஒரு மூடி டப்பாவில் புழுக்களையும் ஒரு சிட்டிகைப் பவுடரையும் போட்டுக் குலுக்கி, மாவு தட்டிய மாதிரி லேசாகப் படிந்ததும் கிண்ணத்தில் போட வேண்டும். அதிகமாகப் பூசினால் சில பல்லிகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பூசிய பவுடர் நிலைத்து நிற்பதும் இல்லை, கிரிக்கெட் பூச்சி (சிள்வண்டு) என்றால் தன்னைத்தானே துடைத்துச் சுத்தம் செய்து சில மணி நேரத்தில் பெரும்பகுதியை உதிர்த்துவிடும், எனவே பல்லி வெளியே வருகிற நேரம் பார்த்துப் பூசிக் கொடுப்பதுதான் சரி. தொட்டியின் இன்னொரு மூலையில் சின்ன மூடியில் வைட்டமின் டி3 கலக்காத வெறும் கால்சியம் வைத்தோம், தேவைப்பட்டால் நக்கிக்கொள்ளும். டி3 கலந்ததை அப்படி எந்நேரமும் வைத்தால் அளவு மிஞ்சும், அதை டாக்டர் சொன்ன இடைவெளியில் பூசிக் கொடுப்பதோடு நிறுத்த வேண்டும்.

கிண்ணத்துக்குள் வேறு எதுவும் வைக்கக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. புழு பசியோடு இருக்குமே என்று நல்ல மனதோடு ஒரு கேரட் துண்டு, கொஞ்சம் ஓட்ஸ் போடுவார்கள். அந்தக் கேரட் துண்டு ஏணி ஆகிவிடும். புழு உரித்துப்போட்ட தோல்களைக்கூட அள்ளிவிட வேண்டும்.

முதல் சில நாட்கள் புள்ளி புதுக் கிண்ணத்தைப் பொருட்படுத்தவில்லை. அந்தப் பெண் இடுக்கியில் ஒரு புழுவைப் பிடித்து விளிம்பில் மெல்ல அசைத்துக் காட்டி, அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே விட்டாள். பீங்கானில் புழுவின் கால்கள் உரசும் சத்தம் காதை அருகில் வைத்தால் நமக்கே கேட்கும். புள்ளி தலையைச் சாய்த்தது, கல்லில் ஏறியது, வால்நுனி மட்டும் படபடவென்று நடுங்கியது, லெப்பர்ட் கெக்கோ பாயப்போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பாய்ந்து பிடித்தது. "மாமா, தானாவே இறங்கிப் பிடிச்சிட்டுது!" என்று போனில் அவள் போட்ட சத்தம் எனக்கு இப்போதும் சந்தோஷம் தருகிறது.

அதோடு எண்ணி எழுதும் பழக்கத்தையும் தொடங்கினோம். போட்டது எத்தனை, காலையில் மிச்சம் எத்தனை, மலம் உண்டா, வாரம் ஒருமுறை அதற்கென்றே ஒதுக்கிய தராசில் எடை. தப்ப முடியாத தட்டில்தான் இந்தக் கணக்குக்கு அர்த்தம் உண்டு. எட்டுப் போட்டு மூன்று மிச்சம் என்றால் ஐந்து உள்ளே போனது உறுதி. புழுக்களைத் தொட்டி முழுக்க உலவவிட்டு வளர்க்கிறவர்கள் இந்தத் தகவலை முழுசாக இழக்கிறார்கள், பல்லி சாப்பிடுவதை நிறுத்தினாலும் வால் சூம்பும்வரை அவர்களுக்குத் தெரிய வழியில்லை. வேட்டையாடுவது அதன் இயல்பு, தட்டில் கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடாதா என்று கேட்கிறார்கள், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் நாம் பக்கத்தில் இருக்கும்போது ஒன்றிரண்டு பூச்சியை விட்டு வேட்டையாட வைக்கலாம், பிடிக்காததைத் திரும்ப எடுத்துவிட வேண்டும். இரவு முழுக்கக் கிரிக்கெட் பூச்சிகளை உள்ளே விட்டுவைத்தால் அவை தூங்கும் பல்லியின் விரலையும் வாலையும் இமையையும் கடித்துப் புண்ணாக்கும். இதை நான் பார்த்திருக்கிறேன், பார்க்கச் சகிக்காது.

எடை மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத் தொடங்கியது. இரண்டு மாதத்தில் 37 கிராம் 45 ஆனது, ஐந்தாம் மாதத்தில் 53. வாலின் அடி திரண்டது. டாக்டர் மறுபடி பார்த்துவிட்டு உணவுக் கணக்கை விடாமல் எழுதச் சொன்னார், யூவிபி என்ற புற ஊதாக்கதிர் தரும் விளக்கு ஒன்றையும் சேர்க்கச் சொன்னார்.

புள்ளிக்குச் செய்ததை எல்லாப் பூச்சிக்கும் எல்லாப் பல்லிக்கும் அப்படியே செய்ய முடியாது. டூபியா கரப்பான் வழவழப்பான சுவரில் ஏறாது, ஆனால் ஆபத்து என்றால் அசையாமல் பதுங்கிவிடும், கிண்ணத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் ஓடும். கால்சிவார்ம் என்ற பெயரில் விற்கும் ஈப்புழுவில் கால்சியம் இயல்பாகவே அதிகம், நல்ல தீனி, ஆனால் சுவரில் ஈரம் இருந்தால் வழவழப்பான பீங்கானிலும் விறுவிறுவென்று ஏறிவிடும், கிண்ணத்தை உலரத் துடைத்துவிட்டுப் போட வேண்டும். வெட்டுக்கிளி குதிக்கும், கண்ணாடியிலும் ஏறும், அதற்குத் தட்டு பயன்படாது, இடுக்கிதான். மீல்வார்ம் போலவே இருக்கும், அதைவிடப் பெரிய மோரியோ புழுவை ஃபிரிட்ஜில் வைத்தால் செத்துவிடும், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இலையும் பூச்சியும் தின்னும் ஓணான் வகையான பியர்டட் டிராகனுக்கு இலைத் தட்டு தனி, பூச்சித் தட்டு தனியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூச்சி இலை மேல் ஏறி வெளியே வந்துவிடும். பச்சோந்திக்குத் தரைத் தட்டே கூடாது, கிளையில் கட்டித் தொங்கவிடும் கோப்பை வேண்டும், அதன் வாய் பச்சோந்தியின் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் அது எட்டிப் பார்த்து நாக்கை எறிய வசதி. பின்சுவர் உயர்ந்தும் முன்சுவர் தாழ்ந்தும் இருப்பது நல்லது. கோப்பைக்குள் பூச்சி ஏறி நிற்க வலை ஒட்டுகிறவர்கள் பொடிக்கண் வலையாகப் பார்த்து ஒட்ட வேண்டும், நாக்கு நுனி கம்பியில் மாட்டிக் கிழிந்தால் அந்தப் பச்சோந்தியால் தானாகச் சாப்பிட முடியாமல் போகலாம்.

புள்ளி இப்போது வாரத்துக்கு மூன்று தடவை சாப்பிடுகிறது. மீல்வார்ம், டூபியா, கால்சிவார்ம் மாறி மாறி, எதுவும் அதன் இரு கண்களுக்கு இடையிலுள்ள அகலத்தைவிடப் பருமனாக இல்லாதபடி பார்த்துப் போடுகிறார்கள். குளிர்காலத்தில் பசி குறைவது இந்த இனத்தில் சாதாரணம், அப்போது நோட்டில் மிச்சம் கூடும், அதற்குப் பயப்பட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினால் மட்டும் காத்திருக்காமல் நோட்டோடு டாக்டரிடம் போக வேண்டும்.